மாணவர் உரிமைப் பணிக்காகக் கல்வியியலில் மேற்படிப்பு: படிப்பைத் தேர்வதிலிருந்து ஆய்வேடு வரை

தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். ஒரு மாணவியிடம் இருப்பது 68. மருத்துவமனைச் சீட்டு கையில் இருக்கிறது. அலுவலகமோ விதியைக் காட்டித் திருப்பி அனுப்புகிறது. இந்த இடத்தில் வகுப்பாசிரியர் வருத்தப்படுவார், மனநல ஆலோசகர் அவளைத் தேற்றுவார், வழக்கறிஞர் நோட்டீஸ் எழுதுவார். மாணவர் உரிமைப் பணியில் இருப்பவர் முதலில் விதிப் புத்தகத்தைத் திறப்பார். மருத்துவ விலக்கு தரும் அதிகாரம் யாருக்கு, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்று பார்ப்பார். பிறகு அவளோடு உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல விண்ணப்பம் எழுத உதவுவார். வேலை முடிந்த பிறகும் ஒரு கேள்வியை விடமாட்டார்: போன பருவத்தில் இதே காரணத்துக்காக எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்?

மேற்படிப்பு தேவைப்படுவது அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். ஒரு பிள்ளைக்கு உதவ நல்ல மனமும் கொஞ்சம் நேரமும் போதும். அதற்குப் பட்டம் வேண்டாம். ஒரு பிள்ளையின் குறையைச் சான்றாக மாற்றி, விதியையே திருத்தவைக்கும் வேலைக்குப் பயிற்சி வேண்டும். எந்தப் படிப்பு அந்தப் பயிற்சியைத் தருகிறது, எது தராமலே பட்டத்தைக் கொடுத்துவிடுகிறது என்று பிரித்தறிவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

படி 1: எந்த நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் துறையில் மூன்று நாற்காலிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு மாணவரோடும் நேரடியாக இருப்பது: முறையீடு, ஒழுங்கு நடவடிக்கை, மாற்றுத்திறனுக்கான வசதிகள், உதவித்தொகைச் சிக்கல். இரண்டாவது, ஒரு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு நடைமுறைகளைச் சீராக்குவது: மாணவர் விவகாரப் பிரிவு, குறைதீர்ப்புப் பிரிவு. மூன்றாவது, வெளியிலிருந்து கொள்கையை நகர்த்துவது: தொண்டு நிறுவனங்கள், ஆய்வு அமைப்புகள், அரசுத் துறைகள்.

எது உங்களுக்கானது என்று தெரியவில்லையா? ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ அண்மையில் நடந்து உங்களைக் கோபப்படுத்திய ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாணவரைப் போய்ப் பார்க்கத் தோன்றியதா, அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர் யார் என்று தேடத் தோன்றியதா? முதல் வகையினர் கொள்கைப் படிப்பில் சேர்ந்தால் முதல் பருவத்திலேயே புள்ளியியலைக் கண்டு சோர்ந்துபோவார்கள். இரண்டாம் வகையினர் ஆலோசனைப் படிப்பில் சேர்ந்தால், ஒரே மாதிரிச் சிக்கலோடு வரும் பத்தாவது மாணவரிடம் பொறுமை இழப்பார்கள்.

படி 2: பட்டங்களின் பெயர்களைப் புரிந்துகொள்ளுங்கள்

'மாணவர் உரிமை' என்ற பெயரிலேயே இருக்கும் முதுகலைப் படிப்புகள் குறைவு. அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நல்ல படிப்புகள் பல கண்ணில் படாமலே போகும். கல்விக் கொள்கை, கல்வித் தலைமை, உயர்கல்வியும் மாணவர் விவகாரமும், உள்ளடக்கிய கல்வி, சிறப்புக் கல்வி, பள்ளி ஆலோசனை, கல்வியும் சமூக நீதியும், குழந்தை உரிமைகள் ஆகிய தலைப்புகளின் கீழும் தேட வேண்டும்.

சேரும் தகுதி நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் எம்.எட். சேர பி.எட். அல்லது அதற்கு இணையான ஆசிரியர் கல்விப் பட்டம் வேண்டும். கல்வியியலில் எம்.ஏ. என்றால் பல பல்கலைக்கழகங்கள் எந்த இளங்கலைப் பட்டத்தோடும் எடுத்துக்கொள்கின்றன. பெயர் ஒன்று போலத் தெரிவதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பக் கட்டணத்தை இழப்பவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பம் உரிமம் சார்ந்தது. பள்ளி ஆலோசகராகவோ அரசுப் பள்ளி ஆசிரியராகவோ பணியாற்றத் தனி உரிமமோ தகுதித் தேர்வோ கேட்கும் நாடுகள் பல. கல்வியியல் முதுகலை கையில் இருப்பதாலேயே அது கிடைத்துவிடாது. 'இந்தப் படிப்பு எந்த உரிமத்துக்கு வழிவிடுகிறது, எந்த ஆட்சிப் பகுதியில் அது செல்லும்?' என்று சேர்க்கைப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் வாங்கும் பதில் பிறகு உதவாது.

முனைவர் நிலையில் இரண்டு பாதைகள் உண்டு. பிஎச்.டி. ஆய்வாளராகவும் பேராசிரியராகவும் ஆக விரும்புவோருக்கு. எட்.டி., அதாவது கல்வியியலுக்கே உரிய முனைவர் பட்டம், ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் தம் பணியிடச் சிக்கலையே ஆய்வாக எடுத்துச் செய்வதற்கு. ஹார்வர்டு 1920களின் தொடக்கத்திலேயே எட்.டி. வழங்கத் தொடங்கியது, ஆகவே இது நேற்று வந்த குறுக்குவழி அல்ல. ஆனாலும் களத்தில் சில ஆண்டுகள் வேலை பார்க்காமல் எட்.டி.யில் சேர்வது வீண் என்றே சொல்வோம். ஆராய்வதற்கு ஒரு பணியிடம் வேண்டுமே.

படி 3: கையேட்டைப் படியுங்கள், விளம்பரப் பக்கத்தை அல்ல

நேரத்தைச் செலவிட வேண்டிய படி இதுதான். ஒவ்வொரு படிப்புக்கும் பாடக் கையேடு ஒன்று இருக்கும். இணையதளத்தில் இல்லாவிட்டால் துறை அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். கேட்டும் தராத இடத்தைப் பட்டியலிலிருந்து தயங்காமல் அடித்துவிடலாம்.

முதலில் கிரெடிட் கணக்கு. கிரெடிட் என்பது ஒரு பாடம் கேட்கும் உழைப்பை அளக்கும் அலகு. பிரிட்டனில் முதுகலை என்றால் 180 கிரெடிட், முழுநேரமாகப் படித்தால் பொதுவாக ஓராண்டு. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணிநேர உழைப்பு என்பது அங்குள்ள கணக்கு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டுக்கு 60. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணிநேரம். அமெரிக்காவில் கல்வியியல் முதுகலைகள் பலவும் 30 முதல் 36 செமஸ்டர் கிரெடிட்டில் முடியும். ஆலோசகர் உரிமத்துக்கு வழிவிடுபவை அதைவிட நீளும்.

இந்த எண்களை உங்கள் வாரத்தோடு பொருத்திப் பாருங்கள். பிரிட்டன் முறையில் 20 கிரெடிட் பாடம் ஒன்று 200 மணிநேரம். பன்னிரண்டு வாரப் பருவத்தில் வாரத்துக்குப் பதினேழு மணிநேரம் ஆகிறது. வகுப்பு இரண்டு மணிநேரம்தான் என்று அட்டவணை சொல்லும். மீதிப் பதினைந்து மணிநேரம் படிப்பும் எழுத்தும். வேலை பார்த்துக்கொண்டே ஒரு பருவத்தில் இரண்டு பாடம் எடுத்தால் வாரம் 34 மணிநேரம் போய்விடும். இடையில் படிப்பை விடுபவர்களில் பலர் அறிவுக் குறைவால் விடுவதில்லை, இந்தப் பெருக்கலைப் போடாமல் சேர்ந்ததால் விடுகிறார்கள்.

அடுத்தது களப்பயிற்சி. நான்கு விவரங்கள் வேண்டும்: மொத்தம் எத்தனை மணிநேரம், இடத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள், களத்தில் யார் மேற்பார்வை, அந்த மேற்பார்வையாளரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம். 'மாணவரே இடம் தேடிக்கொள்ள வேண்டும்' என்று எழுதியிருந்தால், பள்ளிகளோடு பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தம் இல்லாமல் முன்பின் தெரியாத ஒருவரை மாணவர்களின் கோப்புகளுக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளியும் உட்காரவைக்காது. வைத்தாலும் நகல் எடுக்கும் வேலைதான் கிடைக்கும்.

பணியில் இருப்பவர்களுக்காக என்று சொல்லும் மாலைநேரப் படிப்புகளில் ஒரு பொறி உண்டு. வகுப்பு மாலையில், சரி. பள்ளி பகலில்தானே நடக்கிறது? களப்பயிற்சிக்கு வாரம் இரண்டு பகல் பொழுது வேண்டியிருக்கும். விடுப்பு தரும் வேலையா உங்களுடையது என்று சேரும் முன்பே மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாடங்களின் கலவை. உரிமைப் பணிக்கு ஐந்து விஷயங்கள் தேவை: கல்விச் சட்டமும் கொள்கையும், ஆய்வு முறைகள், குழந்தை அல்லது வளரிளம் பருவ வளர்ச்சி, சமத்துவமும் உள்ளடக்கமும், பேச்சுவார்த்தை அல்லது தகராறு தீர்வு. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் காணாமல் போகும். அது விருப்பப் பாடமாகவாவது இருக்கிறதா, சட்டத் துறையிலோ சமூகப்பணித் துறையிலோ போய் எடுக்க விடுவார்களா என்று பாருங்கள். ஆய்வு முறைகளில் ஒரே ஒரு பாடம், அதுவும் கடைசிப் பருவத்தில் என்றால் விட்டுவிடுங்கள். ஆய்வேடு எழுத உட்காரும்போதுதான் நேர்காணல் எடுப்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

நான்காவது, ஆசிரியர்கள். துறைப் பக்கத்தில் இருபது பெயர் இருக்கும். அவர்களில் யார் இப்போது முதுகலை மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறார்கள் என்பதே கேள்வி. உங்களுக்குப் பிடித்த ஒருவரை மட்டும் நம்பிச் சேராதீர்கள். அவர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் போனால் உங்கள் ஆய்வேடு நடுத்தெருவில் நிற்கும். பொருந்தக்கூடியவர் இரண்டு பேராவது வேண்டும்.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை, ஆனால் அதை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் செய்யக் கூடாது. அந்த நாட்டின் உயர்கல்விக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிடும் பட்டியலில் பார்க்க வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்கள் தமக்கென்று போலி அங்கீகார அமைப்பையும் சேர்த்தே நடத்துவது பழைய தந்திரம்.

படி 4: நாட்காட்டியைப் பின்னோக்கிப் போடுங்கள்

வகுப்பு தொடங்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெளிநாட்டுப் படிப்பும் உதவித்தொகையும் சேர்ந்தால் பதினெட்டு மாதம் வேண்டும். உள்நாட்டில் என்றால் பத்து மாதம் போதும்.

பதினெட்டாம் மாதத்தில் படிப்புகளைத் தேடிப் பட்டியலிடுங்கள், பன்னிரண்டு படிப்புகள் இருந்தால் ஆறாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் மாதத்தில் ஆங்கிலத் தகுதித் தேர்வு. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகள் செல்லும், ஆகவே ரொம்ப முன்கூட்டி எழுதினால் மறுபடி எழுத வேண்டி வரும். ஜிஆர்இ எனும் மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வின் மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆனால் கல்வியியல் துறைகளில் பல இப்போது அதைக் கேட்பதில்லை. கேட்காத இடத்துக்காக மூன்று மாதம் படித்துக்கொண்டிருக்காதீர்கள். மதிப்பெண் பட்டியல், அதாவது டிரான்ஸ்கிரிப்ட், பழைய கல்லூரியிலிருந்து முத்திரையிட்ட உறையில் வர வேண்டும் என்றால் அதற்கே சில வாரங்கள் போகும். எல்லோரையும் தாமதப்படுத்துவது இந்த உறைதான்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். 'இவர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று துணைவேந்தர் எழுதுவதை வைத்து எந்தக் குழுவும் முடிவெடுக்காது. 'இடைநின்ற பதினொரு மாணவர்களின் வீடுகளுக்கு இவர் போனார், காரணங்களை அட்டவணைப்படுத்தினார், அதை வைத்துப் பேருந்து நேரத்தை மாற்றவைத்தார்' என்று ஒரு தலைமையாசிரியர் எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கடிதம் எழுதுபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: நீங்கள் செய்த இரண்டு வேலைகள், ஆண்டு, எண்ணிக்கை, சேரவிருக்கும் படிப்பின் பெயர், கடைசித் தேதி. அவரையே நினைவுபடுத்திக்கொள்ள விட்டால் பொதுச் சொற்கள்தான் வரும்.

படி 5: நோக்க அறிக்கை

எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்த இரண்டு பக்கத்தில் பெரும்பாலானோர் எழுதும் முதல் வரி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: 'சிறுவயது முதலே கல்வியின் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு, விளிம்புநிலை மாணவர்களின் குரலாக இருக்க விரும்புகிறேன்.' இதில் பிழை ஏதும் இல்லை, தகவலும் இல்லை. போதாக்குறைக்கு, இன்னொருவரின் குரலாக இருப்பது இந்தத் துறையில் இப்போது பெருமையாகக் கருதப்படுவதும் இல்லை. மாணவர் தம் குரலிலேயே பேச வழி செய்வதுதான் வேலை. தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு அது தெரியும்.

அதே விண்ணப்பதாரர் இப்படி எழுதலாம்: 'நான் பணியாற்றும் பள்ளியில் இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்களிடம் விளக்கம் கேட்கும் நடைமுறை இல்லை. இரண்டு ஆண்டுகளில் 23 இடைநீக்கங்கள். எழுத்துபூர்வ விளக்கம் பதிவான கோப்புகள் 4. இந்த இடைவெளி விதியில் இருக்கிறதா, விதியை நடைமுறைப்படுத்துவதில் இருக்கிறதா என்று கண்டறியும் பயிற்சி என்னிடம் இல்லை. உங்கள் துறையின் கல்விச் சட்டப் பாடமும் பண்புசார் ஆய்வு முறைப் பாடமும் அதற்காகவே எனக்குத் தேவை.' ஒரு சிக்கல், ஓர் எண், தனக்கு என்ன தெரியாது என்ற ஒப்புதல், அந்தப் படிப்பில் இருக்கும் குறிப்பிட்ட பாடங்கள். வேறு எதுவும் வேண்டாம். பாடங்களின் பெயர் வரும் வாக்கியத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் புதிதாக எழுதுங்கள்; ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு இன்னொன்றுக்கு அனுப்பிய விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மாணவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களை அடையாளம் காட்டும் விவரம் எதையும் சேர்க்காதீர்கள். உருக்கமான கதைக்காக ஒரு சிறுமியின் குடும்ப நிலையைப் பெயரோடு எழுதினால், இந்தத் துறைக்கு நீங்கள் தயாராகவில்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாக ஆகும்.

படி 6: பணம்

கல்விக் கட்டணம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கணக்கில் விட்டுப்போவது களப்பயிற்சிக் காலத்து ஊதிய இழப்பு, அங்கு போய்வரும் செலவு, குழந்தைகளோடு பணிபுரியக் கேட்கப்படும் காவல்துறைச் சான்று, வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை மதிப்பீடு வாங்கும் கட்டணம்.

உதவித்தொகைகளின் நிபந்தனைகளை முன்கூட்டியே படிக்க வேண்டும், ஏனென்றால் சில நிபந்தனைகளை நிறைவேற்றவே ஆண்டுகள் ஆகும். செவனிங் உதவித்தொகை பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கானது. இரண்டு ஆண்டுப் பணி அனுபவத்தை அது 2,800 மணிநேரம் என்று கணக்கிடுகிறது. படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். தன்னார்வப் பணியின் மணிநேரமும் சேரும் என்பதால் நாளும் நேரமும் குறித்த பதிவை இப்போதே தொடங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகளில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். உள்ளடக்கிய கல்வியை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. ஒரே பள்ளியில் நீண்டகாலக் களப்பயிற்சி வேண்டும் என்பவர்களுக்குப் பொருந்தாது. முனைவர் நிலையில் சம்பளத்தோடு கூடிய உதவி ஆசிரியர், உதவி ஆய்வாளர் இடம் தராத பிஎச்.டி. என்றால் இருமுறை யோசியுங்கள்.

படி 7: வகுப்பு தொடங்கும் முன் படிக்க வேண்டியவை

ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 1989. முழுவதையும் ஒரு மாலையில் படித்துவிடலாம். 3ஆம் பிரிவு குழந்தையின் நலனை முதன்மையாகக் கருதச் சொல்கிறது. 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை. 28 கல்வி பெறும் உரிமை, 29 கல்வியின் நோக்கம். 3க்கும் 12க்கும் இடையே உரசல் வரும் இடங்கள்தாம் இந்தப் பணியின் கடினமான நாட்கள்: பிள்ளை ஒன்று சொல்கிறது, அதன் நலன் வேறு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள்.

அதோடு 1960ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் கல்வியில் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை, உள்ளடக்கிய கல்வி பற்றிய 1994ஆம் ஆண்டு சலமன்கா அறிக்கை, 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு. பிறகு உங்கள் நாட்டின் சட்டம். இந்தியாவில் என்றால் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும். சட்டத்தோடு அதன் விதிகளையும் அரசாணைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அலுவலகங்கள் இயங்குவது அவற்றைக் கொண்டுதான்.

கோட்பாட்டில் இரண்டு போதும், முதலில். ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் வெளியீடாக எழுதிய, குழந்தைகளின் பங்கேற்பை அளக்கும் ஏணிக்கு எட்டுப் படிகள். கீழ் மூன்று படிகளான சூழ்ச்சி, அலங்காரம், ஒப்புக்குச் சேர்த்தல் ஆகியவற்றை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. லாரா லண்டி 2007இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவை நான்காகப் பிரித்தார்: இடம், குரல், கேட்கும் ஆள், தாக்கம். ஒரு கல்லூரி மாணவர் குழுவை இந்த நான்கால் உரசிப் பாருங்கள். கூட்டம் நடக்கிறது, இடம் இருக்கிறது. மாணவர்கள் பேசுகிறார்கள், குரல் இருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத இளநிலை அலுவலர். கேட்கும் ஆள் இல்லை. கோரிக்கைக்கு என்ன பதில் என்று யாருக்கும் திரும்பச் சொல்லப்படுவதில்லை, தாக்கம் இல்லை. பெரும்பாலான குழுக்கள் மூன்றாவதில்தான் உடைகின்றன.

படி 8: களப்பயிற்சியில் செய்ய வேண்டியவை

முதல் சந்திப்பிலேயே, மாணவர் வாய் திறக்கும் முன், ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். 'நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, வன்முறை, பாலியல் கொடுமை என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். பல நாடுகளில் அது சட்டக் கடமை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை அடுத்து யாரிடமும் பேசாது. இப்படிச் சொல்லலாம்: 'நீ சொல்றது பெரும்பாலும் நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கும். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் மேற்பார்வையாளர்கிட்ட சொல்லணும். அப்பவும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.'

சந்திப்புக் குறிப்பை அன்றே எழுதுங்கள். நான்கு பகுதி: மாணவர் சொன்னது (அவர் சொற்களிலேயே); நீங்கள் பார்த்த ஆவணங்கள்; மாணவர் என்ன நடக்க வேண்டும் என்று கேட்கிறார்; அடுத்த செயல் (யார், எந்தத் தேதிக்குள்). உங்கள் ஊகத்துக்கு இதில் இடமில்லை. 'தாய் அக்கறையற்றவர்' என்று எழுதாதீர்கள். 'மூன்று கடிதங்களுக்குத் தாயிடமிருந்து பதில் வரவில்லை' என்று எழுதுங்கள். கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கலாம் என்ற நினைப்போடு ஒவ்வொரு வரியையும் எழுதினால் கை தானாகக் கட்டுப்படும்.

தொடக்கத்தில் சொன்ன வருகைப் பதிவு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நாள் ஒன்று: விதியின் முழு வாசகத்தையும் வாங்குங்கள், அலுவலர் வாயால் சொல்லும் சுருக்கம் போதாது. 90 வேலை நாட்களில் 61 நாள் வந்திருந்தால் 68 விழுக்காடு. 68 நாள் வந்திருந்தால்தான் 75ஐத் தாண்டும். குறைவது ஏழு நாள். மருத்துவச் சீட்டில் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. சீட்டின் தேதிகளும் வராத நாட்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு நாளாகச் சரிபாருங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான். நாள் இரண்டு: மாணவியே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்க விண்ணப்பம், விதி எண்ணோடு. உங்கள் பெயரில் கடிதம் போகக் கூடாது. போனால் விஷயம் அவளுடையதாக இல்லாமல் உங்களுக்கும் அலுவலகத்துக்குமான சண்டையாகிவிடும். பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு யாரிடம் என்பதை அன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி மாணவர்கள் செய்யும் வழக்கமான தவறு, மேற்பார்வையாளரைத் தாண்டி நேராக முதல்வரிடம் போய் நிற்பது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதற்குப் பிறகு அந்த நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வேறு யாரையும் எடுக்காது. அதனால் இழப்பது அங்கே படிக்கும் பிள்ளைகள்.

படி 9: ஆய்வேடு

தலைப்பைச் சுருக்குவதுதான் பாதி வேலை. 'மாணவர் உரிமைகள் ஓர் ஆய்வு' என்பது தலைப்பே அல்ல. 'மாணவர் பங்கேற்பு உயர்கல்வியில்' இன்னும் அகலம். 'ஒழுங்கு நடவடிக்கை விசாரணையில் மாணவர்கள் தங்கள் தரப்பைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை எப்படி உணர்ந்தார்கள்: இரண்டு கல்லூரிகளில் பன்னிரண்டு பேர்' என்றால் அதை முடிக்க முடியும்.

நெறிமுறைக் குழு அனுமதி கிடைக்கும் முன் ஒரு நேர்காணல்கூட எடுக்கக் கூடாது. முன்பே எடுத்ததைப் பிறகு பயன்படுத்த விடமாட்டார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் பொதுவாக இரண்டு கையெழுத்து வேண்டும்: பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் இசைவு. பெற்றோர் ஒப்புக்கொண்டும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இவற்றோடு நிறுவனத்தின் அனுமதியும். குழு திருப்பி அனுப்பும் விண்ணப்பங்களில் அடிக்கடி விட்டுப்போயிருப்பது, நேர்காணலின் நடுவே மாணவர் கலங்கினால் அவரை யாரிடம் அனுப்புவீர்கள் என்ற கேள்விக்கான பதில்.

களப்பயிற்சியில் நீங்கள் உதவிய மாணவரையே ஆய்வுக்கும் சேர்க்காதீர்கள். உங்களுக்குக் கடன்பட்டதாக நினைக்கும் ஒருவர் தரும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது.

ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணிநேரம் பிடிக்கும். பன்னிரண்டு நேர்காணல் என்றால் 48 முதல் 72 மணிநேரம். மென்பொருள் உதவும், ஆனால் பேச்சுத் தமிழையும் நடுநடுவே ஆங்கிலம் கலந்த பேச்சையும் அது குதறித் தரும். திருத்தும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கூடவே, ஒலிப்பதிவை அந்த மென்பொருள் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பகுப்பாய்வுக்குப் பிரான், கிளார்க் இருவரும் 2006இல் முன்வைத்த ஆறு கட்டக் கருப்பொருள் பகுப்பாய்வு, அதாவது நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வரும் பொருளைக் கண்டெடுக்கும் முறை, புதியவர்களுக்கு ஏற்றது. இதில் வழக்கமாக நடக்கும் பிழை, நேர்காணலில் கேட்ட ஐந்து கேள்விகளையே ஐந்து கருப்பொருளாக எழுதிவிடுவது. அது பதில்களின் தொகுப்பு மட்டுமே. 'விசாரணை அனுபவம்' என்பது கேள்வி. 'முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்பதை நாற்காலி போட்டிருந்த விதத்திலேயே தெரிந்துகொண்டோம்' என்று மூன்று பேர் வெவ்வேறு வார்த்தையில் சொன்னால், அது கருப்பொருள்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சிறிய கல்லூரியில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் இயற்பியல் மாணவி ஒருவர்தான் இருப்பார். துறையையோ உடல்நிலையையோ ஒன்றை விட்டே ஆக வேண்டும். வரைவை அங்கே பணிபுரியும் ஒருவர் படித்தால் ஆளைக் கண்டுபிடிப்பாரா என்று உங்களையே கேட்டுக்கொண்டு வரிவரியாகப் பாருங்கள்.

படி 10: வேலைக்குப் போகும்போது

விளம்பரங்களில் பதவிப் பெயர் பலவாறு இருக்கும்: மாணவர் நல அலுவலர், குறைதீர்ப்பு அலுவலர், மாற்றுத்திறன் வசதி ஒருங்கிணைப்பாளர், குழந்தைப் பாதுகாப்பு அலுவலர், கல்விக் கொள்கை ஆய்வாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர். நேர்காணலில் மூன்று தாள்கள் போதும்: அடையாளம் நீக்கிய சந்திப்புக் குறிப்பு ஒன்று, ஒரு விதியை ஆராய்ந்து நீங்கள் எழுதிய இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு, ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கம். முதல் தாளைக் கொண்டுபோகக் களப்பயிற்சி நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதைப் பயிற்சியின் கடைசி வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் உங்களை அறிந்த மேற்பார்வையாளர் மாறியிருப்பார்.